ஞாயிறு காலை முதல் ஆள்

கடைசி நாள் ஆட்டத்தில் முதல் ஆளாக இறங்குகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. முன்னணியில் இருப்பவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, டிவிக்காரர்கள் கேமராவைத் துடைத்து வைத்த பிறகு, மத்தியானம்தான் இறங்குவார்கள். பட்டியலின் அடியில் கிடப்பவன் விடிந்தும் விடியாமலும் பனியில் ஊறிய புல்லை மிதித்துக்கொண்டு போக வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக கோல்ஃப் ஆடித்தான் பிழைக்கிறேன். பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புல்லை மிதித்தவன் நான்தான்.

என் பெயர் ராண்டல் ஃப்ரீசன். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டதாகச் சொல்கிறவன் என்னிடம் எதையோ விற்க வந்தவனாக இருப்பான். கான்சஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்தேன், நாட்டின் எல்லா நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் தூங்கினேன், ஒரே ஒரு தடவை கோப்பை வாங்கினேன். அதுவும் மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட போட்டி. மற்றவர்கள் ஆடி முடிப்பதற்குள் இடி இடித்துவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன். அன்றைக்குக் கொடுத்த கோப்பையில் இப்போது சில்லறை போட்டு வைத்திருக்கிறேன்.

கல்யாணமும் ஆயிற்று. மனைவி ஜனீன் என்னை விட்டுப் போனாள் என்று சொல்ல மாட்டேன். நான் வீட்டில் இருந்தால்தானே அவள் விட்டுப் போக? வருஷத்தில் முப்பது வாரம் வெளியூர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது என் துணிமணிகள் அழகாக மடித்துப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. சண்டையே இல்லை. சண்டை போடும் அளவுக்குக் கூட நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை. மகள் ஹாலிஸ் அப்போது இரண்டாம் வகுப்பு. இப்போது டல்ஸா நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள், என் பிறந்த நாளுக்குப் பேசுவாள். பேச்சு முடிந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஓட்டல் அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படிப்பட்டவள், அந்த அக்டோபரில், தானாகவே கூப்பிட்டாள்.

"அப்பா, மிஸௌரிலதான ஆடப் போறீங்க? எங்க ஊர்லேருந்து மூணு மணி நேரந்தான். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் இருப்பேனான்னே தெரியாதே கண்ணு. ரெண்டு நாள்ல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இருங்களேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொல்வதைப் போல. இருந்தேன். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தப்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காலைல ஏழு மணிக்கு ஆரம்பம். ரெண்டு பேரா போவோம், பதினொரு மணி வாக்குல முடியும்."

"எனக்கு ராத்திரி டியூட்டி இருக்குப்பா. முடிச்சுட்டுக் கெளம்பினா பத்து மணிக்கு வந்துடுவேன். கடைசி நாலஞ்சு குழியாச்சும் பாப்பேன்ல?"

"பாப்பே. தாராளமாப் பாப்பே."

வளர்ந்த பிறகு அவள் என் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. வருஷக் கடைசிப் போட்டி அது. அந்த வாரம் நடுவாந்தரமான இடத்தில் முடித்தால்தான் அடுத்த வருஷம் ஆட அனுமதி அட்டை கிடைக்கும், நானோ கடைசியில் கிடந்தேன். அட்டை போவது நிச்சயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போகட்டும் சனியன், ஆனால் போவதற்கு முன் இந்த அப்பன் என்ன செய்துகொண்டிருந்தான் இத்தனை வருஷம் என்று என் மகள் ஒரு தடவை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதைத்தான் வேண்டிக்கொண்டேன். புதுச் சட்டை ஒன்றைக் கூட இஸ்திரி போட்டு வைத்தேன்.

காலையில் மைதானத்துக்குப் போனால், நடுவர் கிரெட்டா தன் சின்ன வண்டியில் வந்து நின்றாள். இருபது வருஷப் பழக்கம், சிரிப்பதற்குக் கூட விதிப்புத்தகத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பவள்.

"ராண்டி, உங்க ஜோடி விலகிட்டாரு. முதுகு புடிச்சுக்கிச்சாம், படுக்கையவிட்டு எழுந்திருக்கவே முடியலையாம்."

"இருபத்தி நாலு வயசுல முதுகா?"

"அத அவருகிட்ட கேளுங்க. நீங்க ஒத்தையா நிக்கிறீங்க. இந்த க்ளப் ஆளு ஒருத்தர் இருக்காரு, துணைக்கு அனுப்பட்டுமா? கணக்குல சேராது. சும்மா கூட ஆடுவாரு."

இந்தத் துணை ஆள் ஏற்பாடு எனக்குப் பழக்கம். ஒற்றைப்படையில் மாட்டுகிறவனுக்கு உள்ளூர் ஆள் ஒருவரைச் சேர்த்துவிடுவார்கள். அந்த மனிதர் மூன்றாம் குழிக்குள் தன் முழங்கால் ஆபரேஷன் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, ஐந்தாம் குழியில் என் பிடியில் என்ன தப்பு என்று சொல்ல ஆரம்பிப்பார்.

"வேண்டாம்," என்றேன்.

"தனியாவா போறீங்க?"

"இருபத்தி மூணு வருஷமா யாரோட போனேன்?"

கிரெட்டா தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். வீறாப்பாகப் பேசிவிட்ட திருப்தி எனக்கு. அந்தத் திருப்தியில்தான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், அது அப்போது தெரியவில்லை.

என் பையைச் சுமப்பவன் வர்ஜில். ஆர்கன்சாஸ்காரன், அறுபதை நெருங்குகிறான். சதா சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே இருப்பான். என்னிடம் பேசுவதைவிட என் பையோடுதான் அதிகம் பேசுவான். "வா செல்லம், இந்த ஆளு இன்னிக்கு எங்க இழுத்துட்டுப் போறான்னு பாக்கலாம்" என்று பையைத் தோளில் மாட்டினான். என் போன் வழக்கம்போலக் காரில், முன்சீட்டுப் பெட்டிக்குள் தூங்கியது. ஆட்டத்துக்குப் போனைக் கொண்டுவருவதில்லை, அது தொழில் பழக்கம்.

பள்ளத்தாக்கில் மூடுபனி. ஓக் மரங்கள் பாதி சிவந்து நின்றன. தொடக்க மேடையில் ஒரு கிழவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு ஒரு ஈ காக்கா இல்லாத இடத்தில், என் பெயரையும் ஊரையும் கணீரென்று அறிவித்தார். நான் தொப்பியைத் தொட்டு, இல்லாத கூட்டத்துக்கு வணக்கம் சொன்னேன். வர்ஜில் கைதட்டினான்.

"வாய மூடுய்யா," என்றேன்.

முதல் அடியே நடுத்தரையில் போய் விழுந்தது.

தனியாக ஆடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கூட ஆடுகிறவன் மூன்று பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்க்கும் வரை நிற்க வேண்டாம். அவன் எச்சில் துப்பி, கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டும் வரை காத்திருக்க வேண்டாம். பந்திடம் நடந்து போகிறாய், பார்க்கிறாய், அடிக்கிறாய். யோசிக்க நேரம் கிடைத்தால்தானே பயம் வரும்? எனக்கு அன்றைக்கு நேரமே கிடைக்கவில்லை. இரண்டாம் குழியில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு வெளியே இருந்து அள்ளிப்போட்ட பந்து உருண்டு நேராக உள்ளே போனது. நாலாம் குழியில் இரண்டு மான்கள் நின்று பார்த்தன. அவற்றுக்கு முன்னால் இன்னொரு அடி மிச்சம் பிடித்தேன். எங்கள் ஆட்டத்தில் அடி குறைந்தால்தான் லாபம். பந்து கேட்ட இடத்துக்கெல்லாம் போனது. நான் நடந்தேன் என்று சொல்வது தப்பு, கிட்டத்தட்ட ஓடினேன். வர்ஜில் பின்னால் மூச்சிரைக்க வந்தான்.

பதினோராம் குழியில் கிரீனின் ஒரு கோடியில் பந்து, மறு கோடியில் குழி, நடுவில் ஒரு மேடு. ஒரு தடவை பார்த்தேன், தட்டினேன். பந்து மேடேறி, வளைந்து, சாவகாசமாக இறங்கி, குழிக்குள் விழுந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அப்படியொரு பந்தை நான் உருட்டியதில்லை. யாரும் இல்லாத அந்த மலைச்சரிவில் வாய்விட்டுச் சிரித்தேன். வர்ஜில் கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினான்.

"யோவ், எத்தன மிச்சம் தெரியுமா? அட்டை கெடச்சாச்சுன்னு வச்சுக்கோ! இனிமே தூங்கிட்டே ஆடினாலும் கெடச்சாச்சு! இந்த வேகத்துல போனா ஒம்பது மணிக்கெல்லாம் பான்கேக் சாப்பிட்டுட்டு இருப்போம்!"

ஒன்பது மணி.

ஹாலிஸ் பத்து மணிக்கல்லவா வருகிறாள்! இரண்டு பேராகப் போனால் பதினொன்றுக்கு முடிகிற ஆட்டம், ஒற்றையாக ஓடினால் ஒன்பதுக்கு முடிந்துவிடும். இருபத்து மூன்று வருஷம் இதையே செய்கிறவனுக்கு அது தோன்றவில்லை பாருங்கள். துணை ஆள் வேண்டுமா என்று கிரெட்டா கேட்டபோது வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் முழங்கால் கதையோடு என்னை அழகாக இழுத்தடித்திருப்பார். வேண்டாம் என்று வீறாப்புப் பேசியது யார்? நான். முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு பன்னிரண்டாம் குழிக்கு நடந்தேன். அவள் இந்நேரம் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருப்பாள். தூக்கக் கண்ணோடு, கையில் காபியோடு. வந்து நின்றால் காலி மைதானமும், காரில் பையை ஏற்றிக்கொண்டிருக்கும் அப்பனும்தான் இருப்பார்கள்.

பதிமூன்றாம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. போய் உட்கார்ந்தேன்.

வர்ஜில் மட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். "ம்?"

"கொஞ்சம் இரு."

"எதுக்கு இருக்கணும்? காலு வலியா? நெஞ்சு வலியா?"

"ஒண்ணும் இல்ல. இருய்யா."

ஷூ கயிற்றை அவிழ்த்தேன். கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன். வர்ஜில் வாயிலிருந்த விதையைத் துப்பினான்.

"ஒனக்கு என்ன பைத்தியமா? கை சூடா இருக்கு. இப்ப ஒக்காந்தா ஆறிப் போயிடும்யா! ஆறு வருஷமா ஒங்கூட வரேன், இப்பிடி ஒரு நாள் ஒனக்கு வந்ததே இல்ல. எழுந்திரு!"

"எம் பொண்ணு வரா."

"எந்தப் பொண்ணு?"

"எனக்கு எத்தன பொண்ணு இருக்கு? ஹாலிஸ். பத்து மணிக்கு வரா. நான் ஆடறதப் பாக்கறதுக்கு."

வர்ஜில் சூரியனைப் பார்த்தான், பின்னால் யாரும் இல்லாத புல்வெளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கும் என் அட்டையில் பிழைப்பு இருக்கிறது. நான் போனால் அவன் வேறு பை தேட வேண்டும், அந்த வயதில் அவனுக்கு யார் பை கொடுப்பார்கள்? அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்றான். பையைக் கீழே வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றி, அதில் இல்லாத கல்லை நிதானமாகத் தட்டினான்.

அதற்கப்புறம் நாங்கள் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கிரீனில் மூன்று பக்கமும் குனிந்து குனிந்து பார்த்தேன். என்னை எரிச்சல்படுத்துகிற அதே ஆட்களைப் போலக் கையுறையைக் கழற்றி மாட்டினேன். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை எலி கொறிப்பது மாதிரி தின்றேன். பதினாலாம் குழியில் என் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண் குவியல் தெரிந்தது. உடனே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன்.

கிரெட்டா வண்டியில் வந்தாள். "என்ன ராண்டி?"

"பெருச்சாளி வளை மாதிரி தெரியுது. பந்தை நகர்த்தி வச்சுக்கலாமா?"

அவள் குனிந்து பார்த்தாள். "எறும்புப் புத்து இது."

"எறும்பும் தோண்டத்தான செய்யுது?"

"விதிப்படி எறும்பு கணக்குல வராது." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒடம்பு சரியில்லையா ராண்டி? நீங்க காலைல ஆடின வேகத்துக்கு இப்ப..."

"நல்லாத்தான் இருக்கேன். இன்னொரு தடவ பாருங்களேன், பெருச்சாளி கால்தடம் இருக்கான்னு."

பார்த்தாள், பாவம். ஒரு கால்தடமும் இல்லை.

வர்ஜில் சொன்னது சரிதான், கை ஆறிவிட்டது. யோசிக்க நேரம் கிடைத்ததும் பழைய பயம் ஒவ்வொன்றாக வந்து தோளில் ஏறியது. பதினாலில் ஒரு அடி போயிற்று. பதினைந்தில் மணலில் விழுந்து இரண்டு போயிற்று. பதினாறில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பந்து குழியின் உதட்டில் சுற்றிவிட்டு வெளியே நின்றது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கார் நிறுத்துமிடத்திலிருந்து வரும் பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பாதையில் ஒரு தோட்டக்காரன் இலைகளை ஊதிக்கொண்டிருந்தான், வேறு யாரும் வரவில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் நான் தேடியது ஒரே ஒரு ஆளை. அந்த ஒரு ஆள் இல்லாமல் போன எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சேர்ந்து அந்தக் காலையில் என் மேல் உட்கார்ந்தன.

கடைசிக் குழியான பதினெட்டின் மேடைக்கு வந்தபோது, ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் ஓட்டமாக ஆடிவந்த பின்னால் ஜோடிப் பையன்கள் இரண்டு பேரும் எங்களைப் பிடித்துவிட்டார்கள். ஒருவன் இடுப்பில் கைவைத்து நின்றான். மற்றவன் கொட்டாவி விட்டான். கிரெட்டாவின் வண்டி வந்து நின்றது.

"ராண்டி, பின்னாடி ஆள் வந்துட்டாங்க. நான் வாட்ச்ச ஓட விட்டாகணும், இனி லேட்டானா அபராதம். தப்பா நினைக்காதீங்க."

வர்ஜில் என் காதருகில் வந்தான். "நாலு அடி. நாலே அடில முடிச்சியானா அட்டை இன்னும் ஒன் கைலதான். இடப்பக்கம் குளம், அங்க பாக்காத. மணி இன்னும் பத்து ஆகல. அவ வந்து கிரீன்கிட்ட நிப்பாய்யா. நீ அடி."

நாலு அடி என்பது பெரிய விஷயம் இல்லை. அந்தக் குழியை மூன்று நாளும் நாலில்தான் முடித்திருந்தேன். பந்தை வைத்தேன். நின்றேன். கிரெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். பந்துக்கு மேலே குனிந்த பிறகும், கடைசியாக ஒரு தடவை, தலையைத் திருப்பிப் பாதையைப் பார்த்தேன். அங்கே தோட்டக்காரன் மட்டும் இருந்தான்.

அடித்தேன். பந்து இடப்பக்கம் வளைந்து குளத்துக்குள் 'பொளக்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் வெகு தூரத்திலிருந்தும் கேட்டது. பின்னால் நின்ற பையன்களில் ஒருவன், "ஐயோ பாவம்," என்றான்.

ஆறு அடியில் முடித்தேன். ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, கூட ஆடியவனிடம் கை குலுக்குவது எங்கள் வழக்கம். தொப்பியைக் கழற்றிவிட்டேன். கை குலுக்க ஆள் இல்லை. வர்ஜில்தான் தன் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"நல்லா ஆடின," என்றான்.

"பொய் சொல்லாத."

"பதினோராங் குழி வரைக்கும் சொன்னேன்."

கூடாரத்துக்குள் போய்க் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அட்டை போயிற்று. அதை நினைத்து வருத்தப்படக் கூட நேரமில்லை. ஓடிப்போய் கேட்டில் நிற்க வேண்டும், அவள் காரை விட்டு இறங்கும்போது என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். 'முடிஞ்சிடுச்சும்மா, அப்பா அவசரப்பட்டுட்டேன்' என்பதா? 'வா, எங்கயாச்சும் சாப்பிடலாம்' என்பதா? கூடாரத்தின் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹாலிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

ஜனீனின் நெற்றி, என் கோணல் பல். பச்சை மழைச்சட்டை போட்டிருந்தாள். சிரித்தாள்.

"கண்ணு, முடிஞ்சு போச்சும்மா," என்றேன். "தனியா ஆட வேண்டியதாப் போச்சு, சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. ஒனக்குச் சொல்லலாம்னா போன் கார்ல... இவ்ளோ தூரம் வந்து ஒண்ணுமே பாக்காம..."

"எல்லாம் பாத்தேன்ப்பா."

"எத?"

"எல்லாத்தையும். ஷிஃப்ட மாத்திக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். அந்தத் தாத்தா மைக்ல உங்க பேரச் சொன்னாரே, அப்பவே வந்துட்டேன். உங்ககிட்ட சொல்லாம வந்து அசத்தலாம்னு நெனச்சேன்."

அவள் ஷூக்களைப் பார்த்தேன். கணுக்கால் வரை நனைந்து, வெட்டின புல் ஒட்டிக்கிடந்தது. பதினெட்டுக் குழியின் ஈரமும் அதில் இருந்தது.

"ரெண்டாவதுல உள்ள போச்சே, நான் அந்தப் புதர்கிட்ட நின்னேன். பதினொண்ணுல அவ்ளோ தூரம் உருட்டினீங்களே, நான் கத்திடுவேனோன்னு வாயப் பொத்திக்கிட்டேன். நீங்க சிரிச்சீங்க. நீங்க அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லப்பா."

"நான் ஒன்னப் பாக்கவே இல்லையே? ஒரு தடவ கூட..."

"எப்பிடிப் பாப்பீங்க? நான் உங்க பின்னாடிதான நின்னேன். சின்ன வயசுல அம்மா சொல்லிக் குடுத்தது. 'அப்பா ஆடும்போது அவரு கண்ணுல படக் கூடாது. எப்பவும் பின்னாடி, மரத்தோட மரமா நிக்கணும். உன்னப் பாத்தாருன்னா அடி தப்பிப் போயிடும்'னு. கேட்லயே போனையும் அணைச்சுட்டேன். நீங்க திரும்பறப்பல்லாம் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

பாதையை, கார் நிறுத்துமிடத்தை, ஆளில்லாத தூரத்தையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேனே, அப்போதெல்லாம் என் மகள் ஏதோ ஒரு ஓக் மரத்தின் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் அடி தப்பிப் போய்விடக் கூடாதே என்று.

"அப்புறம் பதிமூணுல ஒக்காந்துட்டீங்க," என்றாள். குரல் மாறியது. "எனக்கு பயமாப் போச்சு. நெஞ்சு வலியோன்னு ஓடி வரப் பாத்தேன். அப்புறம் எழுந்து ஆடினீங்க. ஆனா ஆட்டம் போயிடுச்சு. அடிக்கறதுக்கு முன்னாடி எப்பப் பாத்தாலும் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க. யாரத் தேடினீங்கப்பா?"

வர்ஜில் என் பின்னால் விதை கொறித்துக்கொண்டிருந்தவன், நிறுத்தினான்.

"யாரையும் தேடலம்மா," என்றேன். "காத்து. எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தேன்."

"கடைசில திரும்பிடுச்சு காத்து," என்றான் வர்ஜில். "இந்த மலைல காத்து திரும்பிடுச்சுன்னா எப்பேர்ப்பட்ட கொம்பனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது பாப்பா."

ஹாலிஸ் நிமிர்ந்து மரங்களைப் பார்த்தாள். ஒரு இலை அசையவில்லை. காலையிலிருந்தே அசையவில்லை. அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கீழே குனிந்து ஷூவில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள்.

"சரி, அடுத்த வருஷம் மொதல் போட்டி எங்க? முன்கூட்டியே லீவு எழுதிக் குடுத்துடறேன்."

"சொல்றேன்மா."

"ஒண்ணு கேக்கட்டுமா? அடுத்த தடவ உங்க கண்ணுல படற மாதிரி நிக்கட்டுமா? தொந்தரவா இருந்தா வேண்டாம். ஒரே ஒரு குழிக்கு மட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதுக்காரன், கூடாரத்து வாசலில், கிரெட்டா பார்த்துக்கொண்டிருக்க. தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டேன்.

"வர்ஜில், பையக் கொண்டா."

"அதான் முடிஞ்சு போச்சேய்யா, எதுக்கு?"

"கொண்டான்னா கொண்டாய்யா!"

எல்லோரும் மைதானத்துக்குள் இருந்ததால் பயிற்சித் திடலில் ஒருவரும் இல்லை. பந்துகள் கூடை கூடையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் புல்லில் வைத்தேன். ஹாலிஸ் பழக்கத்தில் என் முதுகுப்பக்கம் நழுவினாள். கையைப் பிடித்து இழுத்து வந்து எதிரே, மட்டை எட்டாத தூரத்தில், நேருக்கு நேராக நிறுத்தினேன்.

"இங்கயா?"

"இங்கதான். நகரக் கூடாது."

குனிந்தேன். பந்து தெரிந்தது, அதற்கு அப்பால் நனைந்த இரண்டு ஷூக்கள் தெரிந்தன. நிமிர்ந்தால் அவள் முகம். அடித்தேன். மட்டை பந்தின் தலையில் பட்டு, அது புல்லில் தத்தித் தத்திப் போய் கூப்பிடு தூரத்திலேயே நின்றுவிட்டது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அவ்வளவு கேவலமாக நான் அடித்ததில்லை.

ஹாலிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, ஊரே கேட்கும்படி சிரித்தாள்.

"அம்மா சொன்னது சரிதான் போல!"

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றேன். "கண்ணு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வா. வெயில் கண்ணக் கூசுது, மொகம் சரியாத் தெரியல."

அவள் நகர்ந்து நின்றாள். நான் இன்னொரு பந்தை எடுத்து வைத்தேன்.